காலண்டர் படத்தின் மூலையில் ஒரு கையெழுத்து



இந்த ஆண்டு போகிக்கு மறுநாள் காலை நடைப்பயிற்சிக்கு இறங்கியபோது, ஜெனரேட்டர் அறைச் சுவரில் நான்கு சாமி படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பழைய மரச் சட்டங்கள். ஒன்றில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நம்மில் யாரோ வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இறக்கிய படங்கள். திரும்ப மாட்ட இடமில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. காவலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். "சாமி படத்தை எப்படி சார் குப்பை வண்டியில தூக்கிப் போட? சாயங்காலம் அரச மரத்தடியில கொண்டு போய் வச்சிருதேன்" என்றார்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது படம் வள்ளி தெய்வானையுடன் முருகன். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தாலும் முகத்தில் களை அப்படியே இருந்தது. படத்தின் கீழே ஒரு பஞ்சு கமிஷன் கடையின் பெயர், இரண்டே இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண். வலது மூலையில் ஆங்கிலத்தில் சிறிய கையெழுத்து: சி. கொண்டையராஜு.

படத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். "இருக்கிற படத்துக்கே சுவர் இல்லை, இதுல தெருவுல கிடந்ததையும் தூக்கிட்டு வந்தாச்சா?" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்துக்காரர் நம் ஊரில் வாழ்ந்து படம் வரைந்தவர். 1976-ல் காலமானார். இந்த ஆண்டோடு 50 ஆண்டுகள் ஆகின்றன. நம் பிளாக்கில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் வரைந்த படத்தைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் ஓரிருவர்தான்.

சென்னையில் ஒரு அறுபதாம் ஆண்டு

முதலில் உங்களைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும். காரணம் பிறகு புரியும்.

மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. இந்த ஆண்டு அதற்கு வயது 60. சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருநாள் பொழுது போக்கத்தான் அங்கே போனேன். மரநிழலில் கருங்கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள், உள்ளே வெண்சுவரில் ஓவியங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஆண்டு, என்ன வண்ணத்தில் வரைந்தது என்ற விவரம். பாதி எனக்குப் புரியவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இடம் உருவான கதை நன்றாகப் புரிந்தது. அது ஒரு வரவு செலவுக் கதை.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பணிக்கரின் கவலை வேறு மாதிரியானது. தன்னிடம் படித்து வெளியேறும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? நவீன ஓவியம் வாங்க அன்று சென்னையில் ஆள் கிடையாது. விளம்பரக் கம்பெனியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலைக்குப் போனால் தூரிகையை மறந்துவிடுவார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழி பாத்திக். மெழுகு பூசித் துணியில் சாயம் ஏற்றும் வேலை. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் வைத்தார்கள். துணி, தோல் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்து, அன்று வெறும் மணல்மேடாகக் கிடந்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். பகலில் கொஞ்ச நேரம் கைவினை வேலை. மீதி நேரம் தன் ஓவியம். சுல்தான் அலி, ஹரிதாசன், வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரின் மகன் நந்தகோபால் போன்றவர்கள் அங்கே வளர்ந்தார்கள். பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் நின்றுவிடவில்லை. 2009-ல் அங்கேயே சமகாலக் கலைக்கான காட்சிக்கூடத்தைக் கட்டி, தங்கள் தலைமுறையின் ஓவியங்களை ஒரே கூரையின்கீழ் கொண்டு வந்தார்கள். சென்னைக் கலை இயக்கம் என்று இன்று படிக்கிறவர்கள் எழுதுவதை நீங்களும் நானும் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடிகிறதென்றால் அதுதான் காரணம்.

பணிக்கரின் கடைசிக் கால ஓவியங்கள் சிலவற்றில் மலையாள எழுத்தும், எண்ணும், ஜாதகக் கட்டமும் போன்ற கிறுக்கல்கள் நிறைந்திருக்கும். சொற்களும் குறியீடுகளும் என்று அந்த வரிசைக்குப் பெயர். ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். முப்பத்தேழு வருடம் லெட்ஜரில் தலை கவிழ்ந்திருந்த எனக்கு அந்த ஓவியத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கத் தோன்றியது.

அங்கே நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. இதே ஓவியப் பள்ளியில் பணிக்கருக்கு ஒரு தலைமுறை முந்திப் படித்த ஒருவர், இதே சாப்பாட்டுக் கேள்விக்கு வேறொரு பதில் கண்டுபிடித்தார். அந்தப் பதில் நம் கோவில்பட்டியில் இருந்தது.

மயிலாப்பூரிலிருந்து கரிசல் காட்டுக்கு

சென்னையில் அந்தப் பள்ளியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர். கொண்டையராஜு மயிலாப்பூரில் 1898-ல் பிறந்து, அங்கே போய்ப் படித்தார். வெள்ளைக்கார முறையில் உடற்கூறு, நிழல் வெளிச்சம், தூரத்துப் பொருளைச் சிறிதாகக் காட்டும் கணக்கு எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சில காலம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் இருந்தார். அதன் பிறகு அவருக்குச் சோறு போட்டது நாடகக் கம்பெனி.

உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நாடகப் படுதா நினைவிருக்கும். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று துணியில் பெரிது பெரிதாக எழுதிச் சுருட்டி வைத்திருப்பார்கள். விசிலடித்ததும் ஒன்று மேலே போகும், இன்னொன்று கீழே இறங்கும். பின்வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் அரண்மனைத் தூண் வரிசையாக உள்ளே போவது போலத் தெரிய வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் நிறம் எடுக்க வேண்டும். கொண்டையராஜு செய்தது அந்த வேலை.

சினிமா வந்ததும் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1940-களின் தொடக்கத்தில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. மற்றவர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். அவர் இங்கேயே தங்கிவிட்டார். தன்னுடைய சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார். போட்டோ எடுப்பதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றுவதும், பின்னால் தொங்கும் திரை எழுதுவதும் அன்றைய ஸ்டுடியோக்களின் வேலை. அதோடு சாமி படம் வரைந்தார்கள். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் என்று அவரிடம் கற்றுக்கொண்டவர்களின் பெயர்களைப் பழைய படங்களின் மூலையில் நீங்கள் பார்க்கலாம். சில படங்களில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். சிஷ்யனின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுத எத்தனை பேருக்கு மனம் வரும், சொல்லுங்கள்.

சிவகாசி பக்கத்தில் இருந்ததால்

மழை இல்லாத பூமி நம்முடையது. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தைப் பார்த்துத்தான் விளையும். ஆனால் அந்த வறண்ட காற்றுதான் தீக்குச்சி காயவும், பட்டாசு உலரவும், அச்சுத்தாள் ஈரமில்லாமல் இருக்கவும் உதவியது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, அடுத்த ஆண்டு தொழிற்சாலை தொடங்கியது நம் வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அச்சடித்த இயந்திரம் வருடம் முழுவதும் ஓட வேண்டுமானால் வேறு வேலையும் வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததுதான் காலண்டர்.

சாமி படத்தை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொண்டு போவது சிவகாசிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1894-ல் பம்பாயில் ராஜா ரவிவர்மா தன் ஓவியங்களை அச்சிடுவதற்கென்றே ஒரு அச்சகம் வைத்தார். கோயிலுக்குள் போக முடியாதவர் வீட்டிலும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அவர் அதில் நஷ்டப்பட்டார். சில ஆண்டுகளில் அதை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். ஒரு வங்கிக்காரனாக எனக்குத் தோன்றுவது இது: அவர் படத்தைத் தனியாக விற்கப் பார்த்தார். சிவகாசியில் படத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். காசு கொடுத்தவர் கடைக்காரர்.

அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஓவியர் அட்டையில் மூலப் படம் வரைவார். அச்சகத்தார் அதை ஒரு தொகை கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். லித்தோ காலத்தில் அந்தப் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கையாலேயே எழுதுவார்கள். ஒரு தாள் பல தடவை இயந்திரத்துக்குள் போய் வந்தால்தான் முருகனுக்கு முழு நிறம் வரும். ஒரு தடவை மயிரிழை நகர்ந்தாலும் கண் ஒரு பக்கம், மை ஒரு பக்கம். பிறகு ஆப்செட் வந்தது.

புது வருடத்துக்கான மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது இன்றும் சிவகாசி வழக்கம். ஏஜெண்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடைக்காரர் மீனாட்சியைப் பார்ப்பார், உரக்கடைக்காரர் முருகனைப் பார்ப்பார், நகைக்கடைக்காரர் லட்சுமியைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். ஆர்டர் கொடுத்தால் படத்துக்குக் கீழே கடையின் பெயரை அச்சடித்து, மேலே தகரப் பட்டை அடித்து, தேதித்தாள் கட்டைப் பொருத்தி அனுப்பிவிடுவார்கள். வருடம் முடிந்து தேதித்தாள் தீர்ந்ததும் நம் அம்மாமார் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடிக் கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். வாடிக்கையாளருக்கு இனாமாக வந்த விளம்பரம் அன்றிலிருந்து பூஜையறைத் தெய்வம்.

முகத்தில் என்ன இருந்தது

அத்தனை படங்களில் கோவில்பட்டிப் படத்துக்கு மட்டும் ஏன் மவுசு? கையில் இருக்கும் முருகனை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் எடுத்துப் பாருங்கள்.

முதலாவது, தெய்வம் உங்களையே பார்க்கும். எந்தப் பக்கம் நின்றாலும் கண் உங்கள் மேல்தான். கும்பிடுகிறவருக்கு அதுதான் முக்கியம். ரவிவர்மாவின் தெய்வங்கள் பல சமயம் தங்களுக்குள் ஏதோ காரியமாக இருப்பார்கள். கொண்டையராஜுவின் முருகன் நீங்கள் வந்து நின்றதை அறிந்தவன். இரண்டாவது, நகையும் பட்டும் கோயில் அலங்காரத்தில் இருப்பது போலவே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது கல் சிலை இல்லை, உயிருள்ள பிள்ளை. ஓவியப் பள்ளியில் கற்ற நிழல் வெளிச்சம் அங்கே வேலை செய்கிறது. மூன்றாவது, பின்னால் பாருங்கள். மலை, அருவி, மேகம், ஒரு வளைவு. அது இயற்கைக் காட்சி இல்லை, நாடகப் படுதா. முன்னால் நடிகர்கள் வந்து நிற்பது போலத் தெய்வங்கள் நிற்கிறார்கள்.

அவருடைய மீனாட்சி கல்யாணம் மிகவும் பெயர் பெற்ற படம். நடுவில் தலை குனிந்த மீனாட்சி, ஒரு பக்கம் சொக்கநாதர், மறுபக்கம் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கும் பெருமாள். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில் இருக்கும் அதே காட்சி. தூணுக்கு முன்னால் நின்று பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். படம் விளாத்திகுளத்துக்கும் கயத்தாறுக்கும் தானே வந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. எங்கள் குலசாமி கம்மாய்க்கரையில் அரிவாளோடு நிற்பவர். அவர் எந்தக் காலண்டரிலும் வந்து நான் பார்த்ததில்லை. ஆல்பத்தில் இருந்ததெல்லாம் பெரிய கோயில் தெய்வங்கள், எல்லோரும் நல்ல சிவப்பு. கரிசல் மண்ணின் நிறத்தில் ஒரு சாமி கடைக்காரருக்கு விலை போகாது என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். சந்தையை நம்பி வாழும் கலையில் இந்தக் கணக்கும் சேர்ந்தே வரும்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

என் சொந்த அனுபவம் ஒன்று. 1983-ல் பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். டிசம்பர் மாதக் கடைசி வாரம் வந்தால் கவுண்டரில் பணத்தை விடக் காலண்டர்தான் அதிகம் கேட்பார்கள். எங்கள் வங்கிக் காலண்டரில் அணைக்கட்டோ பூந்தோட்டமோ இருக்கும், தேதி பெரிதாக இருக்கும். பருத்தி விற்ற பணம் எடுக்க வந்த ஒரு பாட்டி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏ ராசா, இதுல சாமியே இல்லையே. உரக்கடைக்காரரு முருகனைக் குடுத்துட்டாரு. இதை மாட்டுனா நான் யாருக்கு விளக்கேத்த?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் போனார். பேரன் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட ஆகுமாம்.

அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது யோசித்தால், ஓவியத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்தப் பாட்டி சொன்னதுதான். படம் சுவரில் சும்மா தொங்குவதற்காக இல்லை. அதற்கு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். நிற்க வைக்கத் தெரிந்தவர் கொண்டையராஜு.

கணக்கில் வராத பற்று

சரி, இவ்வளவு பிரதிகள் அச்சானதே, வரைந்தவருக்கு என்ன கிடைத்தது? முன்னே சொன்னது போல, ஒரு தொகை. ஒரே தடவை. படம் எத்தனை ஆயிரம் ஓடினாலும், எத்தனை வருடம் திரும்பத் திரும்ப அச்சானாலும் அந்தத் தொகைதான். மூல ஓவியமும் அச்சகத்தாருக்கே.

ஓய்வு பெற்ற பிறகு பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். 1957-ஆம் ஆண்டுச் சட்டம், 17-ஆம் பிரிவு. ஒருவர் கேட்டுக்கொண்டபடி காசுக்கு வரைந்து கொடுத்த ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான். எனவே இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. தொழிலின் வழக்கம் அது, சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அதே சட்டத்தில் 57-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், இதைப் படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது என்கிறது. அதாவது மூலையில் இருக்கும் கையெழுத்துக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஓவியர் காலமான பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பது 22-ஆம் பிரிவு. கொண்டையராஜு தனியாக வரைந்த படங்களுக்கு அந்தக் கணக்கு 2036 வரை போகும்.

சட்டம் சொல்வது அது. கண்ணாடிக் கடையில் நடப்பது வேறு. சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டும்போது முதலில் போவது கடையின் பெயர், அடுத்தது கையெழுத்து.

எட்டயபுரத்தில் பாரதிக்கு 1947-லேயே மணிமண்டபம் எழும்பிவிட்டது. இடைசெவலின் கி. ராஜநாராயணனுக்கு நம் ஊரிலேயே 2022-ல் நினைவரங்கம் திறந்தார்கள். பெருமையாக இருக்கிறது. எழுத்தாளனுக்கு ஒரு வசதி உண்டு. புத்தகத்தின் அட்டையிலேயே பெயர் இருக்கும். ஒரு பிரதி தொலைந்தால் இன்னொரு பிரதி நூலகத்தில் கிடைக்கும். சோழமண்டலத்து ஓவியர்களுக்கும் தங்கள் படங்களைக் காக்க ஒரு கட்டடம் இருக்கிறது. சேர்ந்து நிலம் வாங்கியதால் அந்த அறுபதாம் ஆண்டு சாத்தியமானது. காலண்டர் ஓவியருக்குக் கட்டடம் இல்லை. நம் வீட்டுச் சுவர்தான் அவருடைய காட்சிக்கூடம். அந்தச் சுவருக்கு நாம் வெள்ளையடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு படம் இறங்குகிறது.

வெளியூர்க்காரர்கள் இதன் மதிப்பை நமக்கு முந்தியே உணர்ந்துவிட்டார்கள். ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடிய மானுடவியல் ஆய்வாளர் நம் பக்கத்து ஓவியர்களை ஆராய்ந்து, கொண்டையராஜுவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கட்டுரை 1995-ல் ஒரு தொகுப்பு நூலில் வந்தது. அதில் அவரை ஒரு நவீன மேதை என்று குறிப்பிட்டிருக்கிறார். நாம் அவரை ஜெனரேட்டர் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. போன வருடம் எங்கள் வீட்டிலிருந்து இறங்கிய இரண்டு படங்களின் மூலையை நான் பார்க்கவே இல்லை. அவை யார் வரைந்தவை என்று இனி தெரியப் போவதும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

வீட்டில் பழைய சாமி படம் இருந்தால், இறக்குவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

மூலையைப் பாருங்கள். கையெழுத்து பெரும்பாலும் கீழே வலதுபுறம் அல்லது இடதுபுறம், ஆங்கிலத்தில் இருக்கும். சில சமயம் மரச் சட்டத்துக்கு உள்ளே மறைந்திருக்கும்.

கீழே கடையின் பெயர் இருந்தால் வெட்டாதீர்கள். அதை வைத்துத்தான் வயது சொல்ல முடியும். தொலைபேசி எண் இரண்டு இலக்கமா, மூன்று இலக்கமா, அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு இலக்கக் குறியீடு 1972-ல்தான் வந்தது. அது அச்சாகியிருந்தால் படம் அதற்குப் பிந்தியது.

ஈரத்துணியால் தாளைத் துடைக்காதீர்கள். கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின் அட்டையில் கறையான் அல்லது ராமபாணப் பூச்சி இருந்தால் அட்டையை மட்டும் மாற்றலாம். பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கமும், மதிய வெயில் நேராக அடிக்கும் இடமும் வேண்டாம்.

கும்பிட மனமில்லை, வைக்க இடமில்லை என்றால் அரச மரத்தடிக்கு அனுப்புமுன் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வந்து செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். கையெழுத்து, கடைப்பெயர், யார் வீட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். தேதி, விவரம், குறிப்பு என்று மூன்று பத்தி. பழைய பழக்கம்.

நம் ஆண்டு விழாவன்று சமுதாயக் கூடத்தின் ஒரு சுவரை ஒதுக்கித் தரும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அவரவர் வீட்டுப் படத்தை ஒரு நாளைக்கு மட்டும் கொண்டு வந்து மாட்டலாம். மாலை பத்திரமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டில் வரைந்தவர் பெயரை எழுதி ஒட்டுவோம். ஈஞ்சம்பாக்கத்தில் பார்த்தது போல.

எங்கள் வீட்டு முருகனுக்கு இப்போது கண்ணாடி மாற்றியாகிவிட்டது. கடைக்காரர் வழக்கம்போல ஓரத்தை வெட்டக் கத்தரியை எடுத்தார். வேண்டாம் என்றேன். சட்டம் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டியதாயிற்று, நூற்றைம்பது ரூபாய் அதிகம். எங்கே மாட்டுவது என்று வீட்டுக்காரிக்கும் எனக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அதுவரை சோபாவின் மேல் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.